மேடை மேல் பூனை

பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் எப்போதோ விடை கிடைத்துவிட்டது. கட்டியவள் என் மகள். பூனையின் பெயரே மணி! ('நாய்க்கு வைக்கிற பேராச்சே சார்' என்று கேட்காத விருந்தாளி கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பும். உடம்பு திரும்பாது.)

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காபிக்குக் காத்திருந்தேன். அடுப்பில் பால். மனைவி ஃபில்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேல் பாத்திரம் கழலவில்லை. மேடையின் கடப்பாக் கல்லில் ரெண்டு தட்டு தட்டினாள். டக்... டக்.

அடுத்த நொடி, ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு சாம்பல் நிற ராக்கெட் கிளம்பி, மேடைக்குத் தாவி, பால் பாத்திரத்தில் மோதி... அரை லிட்டர் பால், தளதளவென்று கொதித்தபடி தரையில். தம்ளரோடு நின்றிருந்த என் மகளின் காலுக்கும் அந்தப் பாலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மணி மட்டும், பால் ஆறும்வரை காத்திருந்துவிட்டு, பாற்கடலை நக்கப் போனதாகக் கம்பர் சொன்ன பூனை மாதிரி ஓரத்திலிருந்து ஆரம்பித்தது.

என் மனைவி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மகளைத் தூக்கி ஹாலில் விட்டாள். தரையைத் துடைத்தாள். துணியைப் பிழிந்தாள். பிறகுதான் தீர்ப்பு வந்தது.

"என்னங்க, ஜூன் பதினாலு வரைக்கும் டைம். அதுக்குள்ள இது மேடையில ஏறாம பண்ணுங்க. இல்லேன்னா சாக்குல போட்டு வெள்ளாத்துக்கு அங்கிட்டு."

அதென்ன ஜூன் 14 என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். கிழக்குக் கடற்கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 61 நாள். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க அரசாங்கம் கொடுக்கும் மெட்டர்னிட்டி லீவ். அது முடிந்ததும் எங்கள் மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் படகுகள் கிளம்பும். புதுக்கோட்டை மார்க்கெட்டில் மீன் வந்து குவியும். கருவாட்டு வாசனைக்கே இந்த ஆட்டம் ஆடுகிற பூனை, பச்சை மீன் வந்தால் என்ன ஆடும்? நியாயமான கெடுதான்.

வெள்ளாறு ஏன் என்றால், ஆறு தாண்டி விட்ட பூனை திரும்பி வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊருக்குள் விட்டால் பிரயோஜனமில்லை. புதுக்கோட்டை டவுனில் ராஜ வீதிகள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர் நேராக இருக்கும். வழி தவற வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது. பூனைக்கு இன்னும் சுலபம்.

நான் சட்டம் பேசிப் பார்த்தேன். "1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பதினோராவது பிரிவு. காரணமில்லாம பிராணியைப் பட்டினி கிடக்கிற மாதிரி விட்டுட்டு வர்றது குற்றம், தெரியுமா?"

"கொதிக்கிற பாலைப் புள்ள கால்ல தள்றதுக்கு எந்தப் பிரிவு?"

வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சட்டம் மனிதனைத்தான் தண்டிக்குமாம். பூனையை ஒன்றும் செய்யாது.

அம்மா இதில் எதுவும் பேசவில்லை. கூடத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "பாவம், வாயில்லா ஜீவன்" என்றாள். அவ்வளவுதான்.

வேலையை ஆரம்பித்தேன். நான் மன்னர் கல்லூரி பி.காம். பூனை வளர்ப்பு சிலபஸில் கிடையாது. ஆனால் பத்திரிகைக்கு எழுதுகிறவன் வீட்டில்தான் இருப்பான். வீட்டில் இருப்பவனுக்கு வேலையில்லை என்பது உலக வழக்கு. மனைவி ஒன்பதரைக்கு ஆபீஸ் கிளம்பிவிடுவாள். அதன் பிறகு வீட்டில் நான், அம்மா, லீவில் இருக்கும் மகள், குற்றவாளி.

முதல் ஆயுதம், இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில். மேடையில் ஏறினால் 'புஸ்'. மூன்றே நாளில் பிரமாதமான பலன். நான் சமையலறையில் இருக்கும் வரை மணி மேடைப் பக்கமே திரும்பவில்லை. மாமல்லபுரத்துப் பாறையில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, கையைத் தூக்கித் தவம் செய்யுமே, சுற்றிலும் எலிகள் நிற்க... பல்லவர் காலத்துச் சிற்பி யார் வீட்டுப் பூனையைப் பார்த்துச் செதுக்கினானோ, அதே முகம்! நான் வெளியே வந்து ஃபேனைப் போட்டு உட்கார்ந்ததும் உள்ளே 'தொப்'.

ஆபீஸ் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேனேஜர் சீட்டில் இருந்தால் எல்லோரும் ஃபைல் பார்ப்பார்கள். மேனேஜர் டீ குடிக்கப் போனால்? 'மேடை ஆபத்து' என்று மணி கற்றுக்கொள்ளவில்லை. 'பாட்டில் வைத்திருக்கும் இந்த ஆள் ஆபத்து' என்று கற்றுக்கொண்டது. ராத்திரி என் காலடியில் வந்து படுப்பதையும் நிறுத்திவிட்டது. அது கொஞ்சம் வலித்தது.

அம்மா அன்றைக்கு ராத்திரி பேத்திக்குத் தெனாலிராமன் கதை சொன்னாள். ராஜா கொடுத்த பூனைக்கு ராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பால் வைத்தானாம். நாக்கு வெந்துபோய், அப்புறம் ஜென்மத்துக்கும் அது பாலைப் பார்த்தாலே ஓடியதாம். நாமெல்லாம் சின்ன வயசில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த கதை. என் மகள் சிரிக்கவில்லை. "வாய் வெந்துபோச்சா அப்பத்தா? மருந்து போட்டாங்களா?" என்று கேட்டாள். அப்பத்தாவிடம் பதில் இல்லை.

ராமனின் டெக்னிக்கிலும் இதே ஓட்டைதான். பூனை கற்றது 'பால் கெட்டது' என்பதை. அடித்தால் எதையாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளும். எதை என்பது நம் கையில் இல்லை.

அடுத்து எலுமிச்சை. பூனைகளுக்குப் புளிப்புப் பழங்களின் வாசனை ஆகாது என்று படித்தேன். மேடை ஓரமெல்லாம் எலுமிச்சைத் தோலை வரிசையாக அடுக்கினேன். ரெண்டு நாள் ஏறவில்லை. மூன்றாம் நாள் தோல் காய்ந்ததும், நடுவில் இருந்த இடைவெளியில் கால் வைத்து, பாண்டி ஆடுகிற குழந்தை மாதிரி போயிருக்கிறது. பிறகு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். பூனைக்குப் பாதத்தில் பிசுபிசுப்பு பிடிக்காதாம். பிடிக்கவில்லைதான். ஆனால் அதற்கு முன்னால் என் மனைவியின் முழங்கை ஒட்டியது, சப்பாத்திக் கட்டை ஒட்டியது, சிலிண்டர் பில் ஒட்டியது. டேப்பைப் பிரித்து எடுக்க ஒரு முழு மதியம் ஆயிற்று. அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில் மூன்று பூனைகள் இருந்தன. ஒன்றைக்கூட யாரும் பழக்கியதில்லை. அங்கே மேடையே கிடையாது. மண் அடுப்பு தரையில். அப்பத்தா மணையில் உட்கார்ந்து சமைப்பாள். பாலும் தயிரும் உறியில் தொங்கும். பூனையைத் திருத்துவதைவிடப் பாலை உயரத்தில் தொங்கவிடுவது லேசு என்று அந்தத் தலைமுறை முடிவு செய்திருந்தது. கேஸ் அடுப்பு வந்ததும் சமையல் தரையை விட்டு எழுந்து இடுப்பு உயரத்துக்கு வந்தது. உறி பரணுக்குப் போனது. பூனைக்கு மூன்றடி உயரம் ஒரு விஷயமே இல்லை. நின்ற இடத்திலிருந்தே தாவும். உயரமான இடம், சூடான கல், சாப்பாட்டு வாசனை. மூன்றையும் ஒரே இடத்தில் கட்டி வைத்துவிட்டு 'ஏறாதே' என்றால்?

(எங்கள் வீட்டிலும் அருவாமனை போய்விட்டது. அம்மா நாலைந்து மாதமாக மேடையருகே நின்றுகொண்டே கத்தியால்தான் காய் நறுக்குகிறாள். மீனைக்கூட மார்க்கெட்டிலேயே ஆய்ந்து வாங்கிவரச் சொல்கிறாள். அம்மா மாடர்ன் ஆகிவிட்டாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.)

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் செல்போனில் தேடியபோதுதான் தார்ண்டைக்கைப் பிடித்தேன். எட்வர்ட் தார்ண்டைக், அமெரிக்காக்காரர். 1898-ல் இவர் செய்த ஆராய்ச்சி பூனைகளை வைத்துத்தான். மரச் சட்டப் பெட்டிக்குள் பசித்த பூனையை விடுவார். வெளியே மீன் துண்டு. உள்ளே ஒரு கயிறோ தாழ்ப்பாளோ இருக்கும். அதை இழுத்தால் கதவு திறக்கும். பூனை முதலில் கண்டபடி பிறாண்டும், கடிக்கும், முட்டும். தற்செயலாகக் கயிற்றில் கால் படும். கதவு திறக்கும், மீன் கிடைக்கும். மறுபடி உள்ளே. மறுபடி. தடவைக்குத் தடவை நேரம் குறைந்து, கடைசியில் உள்ளே விட்டதுமே நேராகக் கயிற்றுக்குப் போய்விடும். எந்தச் செய்கைக்குப் பின்னால் திருப்தி கிடைக்கிறதோ அந்தச் செய்கை ஒட்டிக்கொள்ளும் என்றார் தார்ண்டைக். சுருக்கமாக, போனஸ் வருகிற வேலையைத்தான் எவனும் செய்வான்.

இன்னொருவர் ஸ்கின்னர். இவருக்குப் புறா. கொத்தும்போதெல்லாம் தானியம் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் புறா சீக்கிரம் விட்டுவிடும். எப்போது வரும் என்றே தெரியாமல், எப்போதாவது கொடுத்தால்? நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். 1957-ல் சக ஆராய்ச்சியாளர் ஒருவரோடு சேர்ந்து இதைப் பெரிய புத்தகமாகவே போட்டார்.

எனக்கு எங்கள் சித்தப்பா ஞாபகம் வந்தார். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வரும் வரை, பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதெல்லாம் சீட்டு வாங்கியவர். மாசக்கணக்கில் பூஜ்யம். எப்போதாவது ஐம்பது ரூபாய். அந்த ஐம்பதுதான் அவரை விடவில்லை. எங்கள் மேடையும் லாட்டரிக் கடைதான். ஒரு நாள் பால் ஆடை, ஒரு நாள் தயிர்க் கரண்டி, பல நாள் ஒன்றுமில்லை. லாட்டரிக் கடையை மூடாமல் சித்தப்பாவைத் திட்டி என்ன பயன்?

சரி, கடையை மூடுவோம் என்று பாலை ஃப்ரிட்ஜில் வைத்தேன். எச்சில் பாத்திரம் ஒன்றுகூட இல்லாமல் கழுவினேன். மேடையைத் துடைத்தேன். அப்படியும் ஏறியது. அப்போதுதான் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். ரெண்டு ரூபாய் குறைந்தாலும் கணக்குப் புத்தகம் பொய் சொல்லாது. ஒரு ரஃப் நோட்டைப் பிடித்து, தேதி, மணி, இடம் என்று கோடு போட்டேன். மேடை முழுக்கக் கோலமாவைப் பூப்போலத் தூவி, மணிக்கொரு தரம் போய்க் கால்தடம் பார்த்தேன்.

ஒன்பது நாள் கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தலை சுற்றியது. காலை வேளைகளில் கண்டபடி தடங்கள். சில நாள் உண்டு, சில நாள் இல்லை. அது லாட்டரி. ஆனால் காலை பதினோரு மணி, மாலை நாலு மணி, இந்த ரெண்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இடமும் ஒன்றேதான், ஜன்னல் பக்கத்து மூலை. அடுப்புப் பக்கம் ஒரு தடம்கூட இல்லை. நேராக வந்திருக்கிறது, நின்றிருக்கிறது, நேராகப் போயிருக்கிறது.

திருடன் டயம் டேபிள் போட்டுத் திருடமாட்டான். ஒரே நேரம், ஒரே இடம், தவறாத வரவு. சார், இது திருட்டே இல்லை. சம்பளம்!

சம்பளம் என்றால் முதலாளி ஒருவர் இருக்க வேண்டுமே.

மறுநாள் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்தேன். கையும் களவுமாகப் பிடித்துச் சொல்வதற்கு, 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்ற பழமொழியையும் தயாராக வைத்திருந்தேன். மகள்தான் என்று என் சந்தேகம்.

வந்தது அம்மா.

சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். டப்பாவைத் திறந்து, கழுவி வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டுத் தலைகளைக் கையில் எடுத்தாள். தரையில் மணியின் அலுமினியத் தட்டு இருந்தது. ரெண்டு வருஷமாக அது சாப்பிடுகிற தட்டு. அம்மா ஒரு கையை மேடையில் ஊன்றி, அந்தத் தட்டை நோக்கிக் குனிந்தாள். பாதி தூரம்தான் போக முடிந்தது. "அம்மாடி..." என்று முனகிவிட்டு அப்படியே நின்றாள். மூச்சு வாங்கியது. பிறகு மெதுவாக நிமிர்ந்து, கருவாட்டை மேடை மூலையில் வைத்தாள். வளையலால் கல்லில் தட்டினாள்.

டக்... டக்.

ஜன்னல் வழியே வந்து குதித்தது மணி.

அந்தப் பழமொழி தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஃபில்டர் ஞாபகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மணி பாலுக்காகத் தாவவில்லை. டக் டக் என்று சத்தம் கேட்டது. சம்பளம் போடுகிறார்கள் என்று வந்தது. தார்ண்டைக்கின் பூனையைவிட எங்கள் பூனை ஒன்றும் மட்டமில்லை. மக்காக இருந்தது நான்தான். அருவாமனை போனது மாடர்ன் ஆனதால் இல்லை. நின்றுகொண்டே காய் நறுக்கியது, மீனை மார்க்கெட்டிலேயே ஆயச் சொன்னது, எல்லாமே ஒரே கணக்கு. பூனையின் கால்தடத்தை மணிக்கொரு தரம் பார்த்தவன், பெற்றவள் நடப்பதை நாலைந்து மாதமாகப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா வலிக்குது?" என்றேன் டிரம்முக்குப் பின்னாலிருந்து. அம்மா பதறிப்போய், "ஏண்டா தம்பி, அரிசி திருடுற எலி மாதிரி அங்க என்னடா பண்றே?" என்றாள்.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போயி முட்டியை அறுத்துருவீங்க."

சாயங்காலம் மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நேராக அத்தையிடம் போனாள். சண்டைதான் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தக் கால் அத்தை? ரெண்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா அழுதுவிட்டாள். மறுநாள் எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே. மூட்டுத் தேய்மானம், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டியதில்லை, தரையில் உட்காரக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது, தினம் கால் தசைக்குப் பயிற்சி. ஆபரேஷன் இல்லை என்றதும் அம்மா டாக்டரை 'தங்கமான புள்ளை' என்று வர்ணித்தாள்.

திரும்பும் வழியில் ஒரு பழைய சாமான் கடையில் மூன்றடி உயர ஸ்டூல் ஒன்றை வாங்கிப் பின்வாசல் ஜன்னலோரம் போட்டேன். அம்மா குனிய வேண்டாம். மணிக்கும் உயரம் கிடைத்தது, வேடிக்கை பார்க்கத் தென்னை மரத்து அணிலும் கிடைத்தது. பதினொன்றுக்கும் நாலுக்கும் சம்பளப் பட்டுவாடா இனி ஸ்டூலில் மட்டும். கருவாட்டு உப்பு பூனைக்கு ஆகாது என்பதால் அதையும் நிறுத்தி, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு. மேடையில் யாரும் எதையும் வைக்கக் கூடாது, தட்டவும் கூடாது. மணி மேடையில் ஏறினால் திட்டாமல், தண்ணீர் அடிக்காமல், மூட்டை மாதிரித் தூக்கி ஸ்டூலில் விட வேண்டியது. ஏறுகிற ஒவ்வொரு தடவையும்.

முதல் நாலு நாள் நரகம். முன்னைவிட அதிகமாக ஏறியது, கத்தியது, மூலைக் கல்லைப் பிறாண்டியது. சம்பளம் நின்றால் முதலில் ஸ்டிரைக் வரும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்த நேரத்தில் ஒரே ஒரு தடவை இரங்கி மேடையில் கொடுத்துவிட்டால், மறுபடி லாட்டரி ஆரம்பம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் குறைந்தது. ஒரு வாரம் கழித்து, பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே ஸ்டூலில் ஏறி, வாலைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டது.

தடை முடிந்து, படகு கடலுக்குப் போய், எங்கள் மார்க்கெட்டுக்கு மீன் வந்தது. ஒரு கிலோ சங்கரா வாங்கி வந்தேன். மனைவி அதை மேடையில், பாத்திரத்தை மூடாமலே வைத்தாள். வேண்டுமென்றேதான். பிறகு தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டாள். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மணியின் மூக்கு ஆடியது. ஸ்டூலிலிருந்து இறங்கியது. மேடைக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. முன்னங்கால் ரெண்டையும் சுவரில் வைத்து எம்பியது...

"மணீ" என்றாள் அம்மா, ஸ்டூலில் ஒரு தட்டு தட்டி.

திரும்பிப் போய் ஏறி உட்கார்ந்தது. அம்மா குனியாமல் ஒரு துண்டு மீனை வைத்தாள்.

"சரி, சாக்கை எடுத்து உள்ள வைங்க" என்றாள் மனைவி. என் மகள் போட்ட கூச்சலில் அணில் ஓடிவிட்டது.

வெற்றிக் களிப்பில் காபி கேட்டு, வழக்கம்போல மேடையில் ஏறி உட்கார்ந்தேன்.

"இறங்குங்க" என்றாள். "மேடையில யாரும் ஏறக் கூடாதுன்னா யாரும்தான்."

ஸ்டூலைப் பார்த்தேன். மணி இடம் கொடுப்பதாகத் தெரியவில்லை.